ஊட்டிச் செடியும் சென்னைக் கத்திரி வெயிலும்: முதல் முறை வளர்ப்பவர்களுக்கு

குன்னூரில் ஹைட்ரேஞ்சியா வாங்கும்போதே நர்சரித் தம்பி சொல்லிவிட்டார்: "மெட்ராஸ்ல இது தாங்காதுக்கா. ரெண்டு மாசம் பார்த்து ரசிச்சிட்டு விட்டுடுங்க." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வருஷம் பதினான்கு தொட்டிகளோடு கோடைக்குள் போனேன். ஆடி பிறந்தபோது எண்ணிப் பார்த்தால் மிச்சம் மூன்று. அடுத்த கோடையில் பாதி தப்பின. போன கோடையில் போனது இரண்டுதான், அதிலும் ஒன்று பூனை தள்ளிவிட்டது.

நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு வீடியோ பார்த்துச் செய்தவை. என் சித்தி மகள் டொரண்டோவில் இருக்கிறாள். உறைபனி விழத் தொடங்குமுன் அவள் ஜெரேனியத்தையும் ஃபியூஷியாவையும் வீட்டுக்குள் எடுத்துவிடுவாள். ஜெரேனியத்தின் வேரில் உள்ள மண்ணை உதறி, காகிதப் பையில் போட்டு நிலவறையில் வைப்பாள். நடுவில் ஓரிரு முறை வேரை நனைப்பதோடு சரி, பனி விலகியதும் எடுத்து நட்டால் துளிர்க்கும். அதையே நான் பரணில் செய்து பார்த்தேன். அவளுடைய நிலவறை 5 முதல் 10 டிகிரி. என் பரணில் மே மாதம் ராத்திரி பத்து மணிக்குக்கூட 33. மூன்று வாரம் கழித்துப் பையைத் திறந்தால் உள்ளே சுக்கு மாதிரி நான்கு குச்சி கிடந்தது. குளிரில் செடி தூங்கும். சூட்டில் அது தூங்காமல், சேர்த்து வைத்ததையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

மலைச்செடியைச் சென்னைக் கோடையில் காப்பாற்ற நான் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது. எல்லாம் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியையும் மொட்டைமாடியையும் மனதில் வைத்து எழுதியது. வேப்பமர நிழலும் மண்தரையும் உள்ள பாக்கியசாலிகள் பாதியைத் தாண்டிப் போகலாம்.

1. எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது

மலைச்செடியைச் சென்னையில் கொல்வது பகல் வெயில் மட்டும் இல்லை. பகல் வெயிலை வலை கட்டி மறைத்துவிடலாம், ராத்திரிப் புழுக்கத்தை எதைக் கட்டி மறைப்பது? மே மாதம் இங்கே விடியற்காலையில்கூட 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. ஊட்டியில் அதே மாதம் ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும். அதனால், ராத்திரி குளிர்ந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கும் செடிகளை விட்டுவிடுங்கள். ஃபியூஷியா, சைக்ளமென், கிழங்கு வகை பிகோனியா மூன்றும் இதில் சேரும். ஆசை இருந்தால் வாங்குங்கள், ஆனால் பூங்கொத்து வாங்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அசேலியாவில் இரண்டு முறை தோற்றேன், மூன்றாம் முறை வாங்கவில்லை.

தாங்குபவை: ஜெரேனியம் (வட்ட இலையில் வளையம் போட்டது நல்லது, தொங்கும் வகை கொஞ்சம் சோதிக்கும்), ஜெர்பெரா, சிறு பூ பிகோனியா, சாமந்தி. ஹைட்ரேஞ்சியாவும் பிழைக்கும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அது மொட்டுக் கட்ட பல வாரங்கள் 18 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும், அந்தக் குளிர் நமக்குத் தை மாதத்திலும் வராது. எனவே மறுவருஷம் இலை தழைக்கும், பூ வந்தால் அதிர்ஷ்டம். இன்னொன்று, நீலப்பூ பார்த்து வாங்கினால் அது நீலமாகவே இருக்கும் என்று நம்பவேண்டாம். மலையில் புளிப்பு மண். நம் போர்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும். என்னுடைய நீலம் இரண்டாவது கொத்திலேயே ரோஜா நிறமாகிவிட்டது.

ஆப்பிரிக்கன் வயலெட் தனிக்கதை, ஏசி அறையைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன். பெட்டூனியாவைக் காப்பாற்ற முயலவே வேண்டாம், அதன் ஆயுளே அவ்வளவுதான்.

2. எப்போது வாங்குவது, என்னென்ன கையில் வேண்டும்

எல்லோரும் செய்யும் தவறு, மே மாதம் மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு அங்கிருந்தே செடியோடு இறங்குவது. ஊட்டியின் 20 டிகிரியிலிருந்து ஒரே ராத்திரியில் கத்திரி வெயிலுக்குள் தள்ளினால் எந்தச் செடி தாங்கும்? வாங்கவேண்டிய காலம் நவம்பர் கடைசி முதல் ஜனவரி பாதி வரை. அப்போது வந்தால் கோடைக்கு முன் முழுசாக மூன்று, நான்கு மாதம் இந்த ஊர்த் தண்ணீருக்கும் காற்றுக்கும் பழகிக்கொள்ளும்.

மலைக்குப் போகவேண்டும் என்றும் இல்லை. டிசம்பர், ஜனவரியில் ஓசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து சென்னை நர்சரிகளுக்கு லோடு வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பூந்தமல்லிப் பக்கமும் பார்க்கலாம். விலை கூடத்தான் இருக்கும். ஆனால் பயணத்தில் சாகவேண்டியவை அவர்கள் கணக்கில் செத்திருக்கும். லோடு வந்த அன்றே வாங்காமல் பத்து நாள் கழித்துப் போய், நிற்பதில் திடமானதைப் பொறுக்குங்கள்.

நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ காரில் போகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. கைபேசி எண், வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரங்கள் கையில் இருந்தால் பத்து நிமிஷ வேலை. 2025 கோடையில் சீசன் மாதங்களுக்கு வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000. கிளம்புமுன் அந்தந்த வருஷத்து நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் போனால் இந்த நெருக்கடி இருக்காது என்பது இன்னொரு லாபம்.

நர்சரியில் பில் கேளுங்கள், அதில் செடியின் பெயரையும் ரகத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "பிங்க் பூ 1" என்று எழுதிய பில்லால் பிற்பாடு ஒரு பிரயோஜனமும் இல்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் அட்டைப்பெட்டியும் பழைய செய்தித்தாளும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். பெட்டி காலி வாழைப்பழப் பெட்டியாக இருந்தால் உத்தமம், பக்கவாட்டில் ஓட்டை இருக்கும்.

ரயிலில் வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி, ராத்திரிப் பயணம், செடிக்குச் சூடே தெரியாது. காரில் வந்தால் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள். சேலம் தாண்டி ஒரு ஓட்டலில் அரை மணி நேரம் சாப்பிட்டுவிட்டு வந்து டிக்கியைத் திறந்தேன், இரண்டு பிகோனியா கீரை மசியலாகக் கிடந்தது.

வந்ததும் உடனே தொட்டி மாற்றாதீர்கள். பத்து நாள் நிழலில் இருக்கட்டும். அப்புறம் மாற்றுங்கள், ஆனால் ஜனவரி முடிவதற்குள் மாற்றிவிடுங்கள். நர்சரிச் செடி பெரும்பாலும் வெறும் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) வளர்ந்திருக்கும். அது ஒருமுறை முற்றக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, ஊற்றியதெல்லாம் ஓரமாக ஓடிவிடும். நான் செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சம அளவு எடுத்து, அதில் பாதி அளவு ஆற்று மணல் சேர்க்கிறேன். ஜெரேனியத்துக்கு மணல் இன்னும் ஒரு பங்கு கூடுதல். கோகோபீட்டை இரண்டு முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்கவேண்டும், அதில் உப்பு இருக்கும்.

3. மாசிக்குள் குச்சி எடுத்து வையுங்கள்

இதை இன்ஷூரன்ஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தாய்ச்செடி போனாலும் பிள்ளை இருக்கும்.

ஜெரேனியத்தில் மூன்று, நான்கு அங்குலத் தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, அரை நாள் நிழலில் கிடத்துங்கள். வெட்டுவாய் காய்ந்ததும் ஈர மணலில் குத்தினால் போதும். மேலே கவர் போட்டு மூடாதீர்கள், அழுகிவிடும். ஹைட்ரேஞ்சியாவுக்கு நேரெதிர். வெட்டியதும் உடனே நட்டு, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடவேண்டும்.

வேர் விட்டதில் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதை வெவ்வேறு வீடுகளுக்குக் கொடுங்கள், முக்கியமாகத் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு. எங்கள் கீழ்வீட்டு மாமியின் கிணற்றடியில்தான் என் சிவப்பு ஜெரேனியம் முதல் கோடையைத் தாண்டியது. என் பால்கனியில் இருந்த அதன் தாய் செத்துப்போனது.

டேலியாவுக்கு மட்டும் டொரண்டோ முறை ஒத்துவரும், பரணுக்குப் பதிலாக ஃபிரிட்ஜ். மாசி கடைசியில் இலை மஞ்சளானதும் கிழங்கைத் தோண்டுங்கள். கழுத்தை உடைக்காமல் எடுக்கவேண்டும், அடுத்த முளை அங்கிருந்துதான் வரும். மூன்று நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த கோகோபீட்டில் புதைத்து, செய்தித்தாளில் சுற்றி, காய்கறித் தட்டில் வையுங்கள். ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் கூடாது, அவை பழுக்கும்போது விடும் வாயு முளையைக் கெடுக்கும். பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் எழுதியும் வையுங்கள். ஒருநாள் எங்கள் அத்தை சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தோல் சீவ ஆரம்பித்துவிட்டார். ஐப்பசியில் எடுத்து நடலாம். எனக்குப் பாதிக் கிழங்குதான் முளைத்தது, பாதிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

4. இடம்: திசையைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

"நிழல் விரும்பும் செடியை வடக்குப் பக்கம் வையுங்கள்" என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். நானும் வைத்தேன். ஜனவரியில் அருமையான நிழல். மே மாதம் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குப் பார்த்தால் ஹைட்ரேஞ்சியாவின் மேல் பளீரென்று வெயில், இலை ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. சூரியன் எப்படி வடக்கே வந்தது என்று நான் நின்று யோசித்தேன்.

வரத்தான் செய்யும். சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் 24 வாக்கில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அன்று ஒரு கம்பை நட்டால் உச்சியில் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிப்போகும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கு வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் போய்வருகிறது. காலையில் வடகிழக்கில் எழுந்து, மாலையில் வடமேற்கில் இறங்கும். ஆக, கத்திரி மாதத்தில் வடக்குப் பால்கனிக்குக் காலையும் மாலையும் வெயில் உண்டு. மார்ச் வரை வெயிலில் காய்ந்த தெற்குப் பால்கனிக்கு மே, ஜூன், ஜூலையில் நேர் வெயிலே கிடையாது. வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் சூரியன் ஒருநாளும் உச்சியைத் தாண்டி வடக்கே போகாது.

அதனால் செய்யவேண்டியது இது. தெற்கே திறந்த பால்கனி உங்களுக்கு இருந்தால் ஏப்ரல் 20க்குள் மென்மையான செடிகளை அங்கே மாற்றிவிடுங்கள். கிழக்குப் பால்கனி இரண்டாம் பட்சம். காலை வெயிலுக்கு வலை கட்டினால் போதும், மதியத்துக்கு மேல் கடற்காற்றும் கிடைக்கும். வடக்கு என்றால் இரண்டு ஓரத்திலும் வலை வேண்டும். மேற்கு மட்டும் உள்ளவர்கள் ஜெரேனியத்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கடற்காற்றைக் கவனிக்கப் பழகுங்கள். பன்னிரண்டு, ஒரு மணிக்குள் அது வந்துவிட்டால் அன்று தப்பித்தோம். மேற்கிலிருந்து அனல் காற்று ஓங்கியடித்து, மூன்று மணி வரை கடற்காற்று தலைகாட்டாத நாட்களில்தான் 40 டிகிரி தாண்டும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. கத்திரி மே 28 வாக்கில் முடிந்துவிடுகிறதே என்று வலையை அவிழ்த்துவிடாதீர்கள். ஜூன் பாதி வரைக்கும் அது நம்மை விடுவதாக இல்லை.

5. நிழல்வலை: கட்டுமுன் ஒரு கடிதம்

பால்கனிக்கு உள்ளே கட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. மொட்டைமாடியிலோ கம்பிக்கு வெளியே தெரியும்படியோ கட்டுவதாக இருந்தால் அசோசியேஷனிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும். வாயால் "சரி, கட்டிக்கோங்க" என்று சொன்னவர் மாறிவிடுவார், புதிதாக வந்த செயலாளர் சித்திரை வெயிலில் "உடனே கழற்றுங்கள்" என்பார். எனக்கு நடந்தது. அந்தப் பத்து நாள் இழுபறியில் நான்கு செடி போயிற்று.

கடிதத்தில் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: வீட்டு எண், வலையின் நீள அகலம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சுவரிலும் தளத்திலும் துளை போடமாட்டோம் என்பது, தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வோம் என்பது. கடைசி இரண்டும்தான் முக்கியம், எல்லா அசோசியேஷனுக்கும் பயம் ஒழுகல் மேல்தான். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் வாரத்தில் கொடுத்தால் மாதக் கூட்டத்தில் பேசி முடிக்க நேரம் இருக்கும்.

வலை 50 சதவீதம், 75 சதவீதம் என்று வரும், எவ்வளவு வெயிலை மறைக்கும் என்ற கணக்கு அது. ஜெரேனியம், ஜெர்பெரா, சாமந்திக்கு 50 போதும். ஹைட்ரேஞ்சியா, பிகோனியாவுக்கு 75. 90 கேட்காதீர்கள், வெளிச்சமும் காற்றும் இல்லாமல் செடி வெளிறி நீண்டுவிடும். செடியின் தலைக்கு மேல் குறைந்தது மூன்றடி இடைவெளி விடுங்கள். ஒட்டிக் கட்டினால் வலையின் சூடே இலையைச் சுடும். முடிச்சு இழுத்தால் அவிழும்படி இருக்கட்டும், கோடை மழைக்கு முன் வீசும் காற்று வலையோடு தொட்டியையும் சேர்த்துத் தூக்கும்.

பத்துக்குப் பத்தடி வலைக்குப் பாரிமுனையில் நான் கொடுத்தது 550 ரூபாய், நைலான் கயிறு 80. அதே வலைக்குப் பக்கத்து நர்சரியில் 900 கேட்டார்கள். மண்தொட்டி பத்து அங்குலம் ஒன்று 160 வீதம் எட்டு வாங்கினேன். கோகோபீட், மண்புழு உரம், வேப்பெண்ணெய் எல்லாம் சேர்த்து 700 சொச்சம். முதல் வருஷச் செலவு 2,700க்குள் அடங்கியது. அடுத்த வருஷம் 500கூட ஆகவில்லை.

6. தொட்டியும் தரையும்

இலை வாடுவதைப் பார்க்கிறோம், வேர் வேகுவதைப் பார்ப்பதில்லை. நர்சரியின் கறுப்புப் பையை வெயிலில் விட்டால் உள்ளே மண் கை வைக்க முடியாத சூடாகிவிடும். மண்தொட்டிக்கு மாற்றுங்கள். பானைத் தண்ணீர் குளிர்வதுபோல அதன் சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாகி மண்ணைக் குளிர்விக்கும். இன்னும் அக்கறை இருந்தால், சின்னத் தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி, மணலை மட்டும் ஈரமாக வைத்திருங்கள். ஹைட்ரேஞ்சியாவுக்கு நான் செய்ததில் மிகப் பெரிய பலன் கொடுத்தது இதுதான். பிளாஸ்டிக் தொட்டியைத்தான் வைத்திருப்பேன் என்றால் வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

தளத்தின் மேல் நேராக எதையும் வைக்காதீர்கள். மாடித் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். நாலு செங்கல் போதும், மேலே ஒரு பலகை. மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் மட்டையைப் பிய்த்துப் போட்டு மூடுங்கள். ஜெர்பெராவில் மட்டும் நடுக்குருத்தை மூடாமல் விடுங்கள், மூடினால் அழுகும்.

7. தண்ணீர்: பாசத்தில்தான் அதிகம் சாகின்றன

மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்தால் கண்ணீர் வரும். இலையெல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்கும். உடனே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். வேர் கொடுப்பதைவிட இலை இழப்பது அதிகம் என்பதால் அது தொங்குகிறது. மண்ணில் ஈரம் இருந்தாலும் தொங்கும். சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்பப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் அதற்குத் தாகம் இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கும் தொங்கிக்கொண்டே இருந்தால் இரண்டில் ஒன்று: மண் காய்ந்திருக்கிறது, அல்லது நீங்கள் ஏற்கெனவே ஊற்றி ஊற்றி வேரை அழுகவைத்துவிட்டீர்கள். விரலை இரண்டு கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் கோடையில் செத்த பதினொன்றில் ஏழின் வேர் கறுத்து நாறியது. வெயிலில் செத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலை ஏழு மணிக்குள் ஊற்றுங்கள், அடித்துளையில் வடியும் வரை. ஹைட்ரேஞ்சியாவுக்குத் தினம், பிகோனியாவுக்கும் ஜெர்பெராவுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் சுமாராகச் சரியாக வரும். ஜெரேனியத்துக்கு மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான். அது தாகத்தைத் தாங்கும், ஈரத்தை மன்னிக்காது.

சாயங்காலம் ஹோஸ் பிடிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாடியில் இருக்கும் கறுப்பு டேங்குத் தண்ணீர் நாலு மணிக்கு எப்படி இருக்கும் என்று முதலில் கையில் பிடித்துப் பாருங்கள். நான் பார்க்காமல் ஜெர்பெரா மேல் அடித்தேன். டீத்தூளைப் போட்டிருக்கலாம், அவ்வளவு சூடு. இப்போதெல்லாம் காலையிலேயே இரண்டு வாளி பிடித்துக் குளியலறையில் வைத்துவிடுகிறேன்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். மெட்ரோ தண்ணீர் கிடைத்தால் ஒரு ராத்திரி வாளியில் வைத்து ஊற்றுங்கள். கடலோரப் பகுதிகளில் போர்த் தண்ணீர் உப்புக்கரிக்கும். இலை நுனி பழுப்பாகும், ஹைட்ரேஞ்சியாவின் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றதெல்லாம் மஞ்சளாகும். சிக்கனம் என்று ஆர்ஓ கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடுகிறவர்கள் பலர். வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். அதற்குப் பதில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள், அதில் உப்பே கிடையாது. எங்கள் படுக்கையறை ஏசி கோடையில் ஒரு ராத்திரிக்கு அரை வாளி தருகிறது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி ஊரே லாரிக்குக் குடத்தோடு நின்றது நினைவிருக்கும். அப்படி ஒரு வருஷம் மறுபடி வந்தால் இந்த அரை வாளிதான் செடிக்கு ஆதாரம்.

8. உரம் வேண்டாம், பேனைப் பாருங்கள்

ஏப்ரல் முதல் ஜூன் வரை உரம் எதுவும் போடாதீர்கள், வேப்பம்புண்ணாக்குகூட. மொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள். இந்த மூன்று மாதம் செடி உயிரோடு இருந்தால் போதும், பூவை யாரும் கேட்கவில்லை. கவாத்தும் (கிளைகளை வெட்டிவிடுவது) கூடாது.

சூடும் வறட்சியும் வந்தால் செம்பேன் வரும். இலையில் ஊசி குத்தியது மாதிரி வெளிர்ப்புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. வாரம் இருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். சூரியன் இறங்கிய பிறகு மட்டும் அடியுங்கள், வெயிலில் எண்ணெய் பட்ட இலை கருகும். மாவுப்பூச்சிக்குப் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும்.

9. ஏசி அறைக்குள் வைக்கலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. ராத்திரி 25 டிகிரி என்பது உண்மையிலேயே செடிக்குச் சொர்க்கம். ஆனால் படுக்கையறையில் திரை மூடியிருக்கும், வெளிச்சம் இருக்காது. ஏசிக் காற்று நேராகப் பட்டால் இலை வறண்டுபோகும். பகலில் ஏசியை அணைத்ததும் மூடிய அறை அடுப்பாகிவிடும். ஜன்னலிலிருந்து இரண்டடிக்குள், காற்று நேராக அடிக்காத மூலையில், பகலில் ஜன்னலைத் திறந்துவைக்க முடியும் என்றால் மட்டும் வையுங்கள். என் ஆப்பிரிக்கன் வயலெட் வருஷம் முழுக்க அங்கேதான் குடியிருக்கிறது. அதற்கு இலையில் தண்ணீர் படக்கூடாது. தட்டில் ஊற்றி அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். மற்றவற்றைத் தினமும் உள்ளே வெளியே தூக்கிக்கொண்டிருந்தால் செடிக்கும் முதுகுக்கும் சேர்த்துக் கெடுதல்.

10. லீவுக்கு ஊருக்குப் போவதாக இருந்தால்

பிள்ளைகளுக்கு லீவு, கல்யாண முகூர்த்தம், திருவிழா, எல்லாம் சரியாகக் கத்திரியில்தான் வந்து விழும். நான்கு நாளுக்கு மேல் போவதென்றால் காட்டன் கயிற்றுத் திரி போடுங்கள். உயரத்தில் ஒரு வாளி, கயிற்றின் ஒரு முனை தண்ணீரின் அடிவரை, மறுமுனை தொட்டி மண்ணுக்குள் நான்கு அங்குலம். கயிற்றை முதலில் முழுக்க நனைத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறாது. ஜன்னல் உள்ள குளியலறையில் எல்லாத் தொட்டிகளையும் நெருக்கி வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்கு உதவும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வைத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஜெரேனியத்துக்குத் திரி வேண்டாம், பத்து நாள் சும்மா கிடக்கும்.

பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால், "தினமும் ஊத்துங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்தத் தொட்டிக்கு எத்தனை டம்ளர் என்று ஒட்டிவிட்டுப் போங்கள்.

11. ஆடிக்குப் பிறகு

ஜூலை, ஆகஸ்ட்டில் சாயங்கால மழை எட்டிப்பார்க்கத் தொடங்கும்போது ஆசையாக எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைக்கத் தோன்றும். ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் மறுபடி உச்சிக்கு வருகிறது, மறந்துவிடாதீர்கள். அதோடு ஆடிக்காற்று அம்மியையே தூக்கும் என்கிறோம், தொட்டி எம்மாத்திரம்? தெற்குப் பால்கனிச் செடிகளை ஆவணி கடைசி வரை அங்கேயே விடுங்கள். புரட்டாசிக்குள் சூரியன் தெற்கே திரும்பிவிடும், அப்போது வடக்குப் பால்கனி மறுபடி நிழலாகும், இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

செப்டம்பர் தொடக்கத்தில் காய்ந்த குச்சிகளை வெட்டுங்கள். ஜெரேனியத்தைப் பாதிக்குக் குறைக்கலாம். துளிர் கண்ணுக்குத் தெரிந்ததும் மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண்புழு உரம் போடுங்கள். கோடை முழுக்கச் சேர்ந்த உப்பு அந்த மேல்மண்ணில்தான் வெள்ளையாகப் பூத்திருக்கும்.

அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், அதற்குமுன் வலையை அவிழ்த்துவிடுங்கள். கடிதத்தில் நீங்கள் எழுதிக்கொடுத்த தேதியும் அதுவாக இருப்பது நல்லது. சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மடியுங்கள், ஈரத்தோடு மடித்துப் பரணில் போட்டால் எலி கூடுகட்டிவிடும். ஜெரேனியங்களை மட்டும் மழைச்சாரல் படாத உள்பக்கச் சுவரோரம் நகர்த்திவிடுங்கள். கத்திரியைத் தாண்டிய ஒன்றைக் கார்த்திகை மழையில் பறிகொடுத்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.